பம்பு செட் ஸ்டார்ட்டருக்கு ஏற்ற ஆன்டெனா: பல அலைவரிசைகளிலும் பரீட்சித்து அறியும் முறை

கிணற்றுப் பாசனம் நடைபெறும் கிராமங்களில், செல்போன் மூலமாக மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர்கள் இப்போது பெருவாரியாகக் காணப்படுகின்றன. மும்முனை மின்சாரம் முறை வைத்து விடப்படும் இடங்களில், நள்ளிரவில் எழுந்து, கையில் டார்ச் விளக்குடன் வரப்பின் மேல் நடந்து, பாம்புக்கும் காட்டுப் பன்றிக்கும் அஞ்சியபடியே மோட்டார் கொட்டகைக்குப் போக வேண்டியிருந்த சிரமம் இக்கருவியினால் பெரிதும் நீங்கியிருக்கிறது. படுத்த இடத்திலிருந்தே கட்டளை கொடுத்து, மோட்டார் ஓடத் தொடங்கியது என்ற பதிலையும் பெற்றுக்கொள்ள முடிகிறது.

ஆயினும் இதைப் பற்றிய குறைகளும் இல்லாமல் இல்லை. “ஒரு நாள் எடுக்கிறது, மறுநாள் எடுப்பதில்லை” என்பதே பெரும்பாலான விவசாயிகள் கூறும் குறை. ஓட்டும் கட்டளை போய்ச் சேராவிட்டால் அன்றைய தண்ணீர் முறை மட்டுமே தவறும். நிறுத்தும் கட்டளை போய்ச் சேராவிட்டால் நஷ்டம் அதனினும் பெரிது. பாத்தி நிரம்பி வாய்க்கால் உடைந்து, மஞ்சளும் வாழையும் நீரில் நிற்கும். அடுத்தவர் வயலில் தண்ணீர் பாய்ந்து வழக்கு மூளும். கிணறு வற்றிய பிறகும் மோட்டார் ஓடுமாயின், வெறுமையில் ஓடுவதைத் தடுக்கும் பாதுகாப்பைச் சரியாக அமைக்காத இடங்களில் காயில் கருகிப் போகும். அதன் பிறகு ஸ்டார்ட்டரைக் குறை கூறி வேறொன்று வாங்குவோர் உண்டு. கடைக்காரர் சொல்லைக் கேட்டு, பெரியதாக ஓர் ஆன்டெனாவை வாங்கிக் கொட்டகையின் மேல் நிறுத்துவோரும் உண்டு. அவ்வாறு நிறுத்திய பின் நிலைமை முன்னிலும் மோசமாவதும் உண்டு என்பதுதான் வியப்பு.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. அந்த ஆன்டெனா எந்த அதிர்வெண்ணுக்காகச் செய்யப்பட்டதோ அந்த அதிர்வெண்ணில் அவ்வூர்க் கோபுரம் பேசுவதில்லை. ஒரு நெல் ரகம் களிமண் நிலத்தில் ஒரு போகம் நன்றாக விளைந்ததைக் கண்டு, அதைச் செம்மண்ணிலும் உவர் நிலத்திலும் விளையும் என்று எந்த விவசாயியும் முடிவு செய்வதில்லை. பல நிலங்களில், பல பருவங்களில் பயிரிட்டுப் பார்த்த பின்பே ரகத்தின் தகுதி தெரியவரும். ஆன்டெனாவும் அப்படித்தான். ஓர் அதிர்வெண்ணில் அது காட்டும் பலனைக் கொண்டு மற்றோர் அதிர்வெண்ணில் காட்டப் போகும் பலனை ஊகிக்க இயலாது. அது வேலை செய்ய வேண்டிய வரம்பு முழுவதிலும், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இடைவிடாது சோதித்துப் பார்ப்பதே முறை.

கம்பியின் நீளம்

மின்காந்த அலை ஒரு விநாடியில் ஏறக்குறைய 30 கோடி மீட்டர் செல்லும். ஆகையால் மெகாஹெர்ட்ஸில் கூறப்படும் அதிர்வெண்ணால் 300-ஐ வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர், 1800-க்கு 16.7, 2300-க்கு 13. சாதாரணக் குச்சி ஆன்டெனா அலைநீளத்தில் கால் பங்கு இருக்குமாறு செய்யப்படுகிறது. எனவே 900-க்கு உரிய குச்சி சுமார் 8 சென்டிமீட்டரும், 1800-க்கு உரியது சுமார் 4 சென்டிமீட்டரும் இருக்கும். கம்பியின் பருமனைப் பொறுத்து இதில் சிறிது குறையும்.

900-க்கு வெட்டிய எளிய கம்பியை 1800-இல் உபயோகித்தால் என்ன ஆகும்? கம்பி நீளமாகத்தானே இருக்கிறது, குறைவில்லையே என்று எண்ணத் தோன்றும். ஆனால் 900-இல் கால் அலையாக இருந்த கம்பி 1800-இல் அரை அலையாகிவிடுகிறது. அடிமுனையில் ஊட்டப்படும் கம்பி அரை அலை நீளமிருந்தால், கேபிள் வழியாக வரும் சக்தியை அது ஏற்றுக்கொள்ளாமல் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதே கம்பி 2700-இல் முக்கால் அலையாகி மறுபடியும் சக்தியை ஏற்றுக்கொள்ளும். 900-இலும் 2700-இலும் மட்டும் அளந்து பார்த்தவர் இதை நல்ல ஆன்டெனா என்றே எழுதி வைப்பார்; நடுவில் உள்ள பள்ளம் அவர் கண்ணில் படாது.

நீளத்தைப் பற்றிக் கவலையில்லை, கம்பியை நீட்டிக் கட்டினால் போதும் என்ற எண்ணம் வயது முதிர்ந்தோரிடம் இன்னும் இருக்கிறது. அது பழைய ரேடியோ பெட்டிகளின் அனுபவத்திலிருந்து வந்தது. மத்திய அலையில், உதாரணமாக 720 கிலோஹெர்ட்ஸில், அலையின் நீளமே 400 மீட்டருக்கு மேல். அதற்குக் கால் அலைக் கம்பி கட்டுவதென்றால் 100 மீட்டர் உயரம் வேண்டும். எந்தக் கிராமத்திலும் அது நடவாது. இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிய கம்பி எவ்வளவு குறையுள்ளதாயினும், அந்த அலைகளில் வானத்தின் இரைச்சலே மிகுதியாகையால், இரைச்சலும் நிகழ்ச்சியும் ஒன்றாகவே குறைந்து, பெட்டி போதிய அளவு ஒலித்தது. அந்தக் கம்பிகளின் மூலமாகத்தான் 1960-களில் திருச்சி வானொலி தஞ்சை விவசாயிகளின் காதுகளை எட்டியது, ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகத்துக்கு அவர்கள் ‘ரேடியோ நெல்’ என்று பெயரிடும் அளவுக்கு அது பரவியது. மத்திய அலைக்குப் பொருந்திய அந்த அனுபவம் செல்போன் அலைகளுக்குப் பொருந்தாது. இங்கே இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசமும் பெரிய வித்தியாசமே. தொலைக்காட்சிக்காக வீட்டுக் கூரைகளில் யாகி ஆன்டெனா கட்டிய காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இது எளிதில் விளங்கும். 60 மெகாஹெர்ட்ஸ் அருகிலுள்ள சேனலுக்கு உரிய குழாய்கள் 2 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும், 190 அருகிலுள்ள சேனலுக்கு உரியவை முக்கால் மீட்டர் நீளமுமாக இருந்தன. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் திரையில் புள்ளி மழையே தெரிந்தது.

எந்த வரம்பில் சோதிக்க வேண்டும்

நாட்டில் செல்போன் நிறுவனங்கள் உபயோகிக்கும் அலைவரிசைகள் 700, 850, 900, 1800, 2100, 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் என்று பலவாகும். ஐந்தாந்தலைமுறைச் சேவைக்கு 3300-க்கு மேலும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரே கோபுரத்தில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சகஜம். ஸ்டார்ட்டரில் போடப்பட்டிருக்கும் சிம் எந்த நிறுவனத்தினுடையது, அந்நிறுவனம் அவ்வூரில் எந்த வரிசையில் சேவை தருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆன்ட்ராய்டு செல்போன்களில் இதைக் காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதே நிறுவனத்தின் சிம்மைப் போட்டு, மோட்டார் கொட்டகையின் வாசலில் நின்று பார்த்தால் வரிசையின் எண்ணும் சிக்னலின் அளவும் தெரியும். நான்காந்தலைமுறையில் வரிசை எண் 3 என்றால் 1800, 5 என்றால் 850, 8 என்றால் 900, 40 என்றால் 2300 என்று கொள்க. ஆனால் ஸ்டார்ட்டர் இரண்டாந்தலைமுறையில் மட்டும் பேசும் மாதிரியா, நான்காந்தலைமுறையிலும் பேசுவதா என்பதை அதனுடன் வந்த குறிப்புத்தாளில் பார்த்துக்கொள்ளாமல் இவ்வெண்ணைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. 2016-ஆம் ஆண்டில் சேவை தொடங்கிய ஜியோவில் இரண்டாந்தலைமுறை என்பதே இல்லை. பழைய மாதிரி ஸ்டார்ட்டரில் அந்தச் சிம்மைப் போட்டுவிட்டு ஆன்டெனாவைக் குறை கூறுவதில் பயனில்லை.

வரிசையின் பெயர் ஓர் எண்ணாகக் கூறப்பட்டாலும் உண்மையில் அது ஓர் எண் அன்று. 900 எனப்படும் வரிசையில் கோபுரம் பேசுவது 925 முதல் 960 வரையிலும், ஸ்டார்ட்டர் திரும்பப் பேசுவது 880 முதல் 915 வரையிலுமாகும். 1800-இல் கோபுரத்துக்கு 1805 முதல் 1880. ஸ்டார்ட்டருக்கு 1710 முதல் 1785. ஆகவே ஆன்டெனா மேல் பாதியில் நன்றாகவும் கீழ்ப் பாதியில் மோசமாகவும் இருந்தால், கோபுரத்தின் குரல் ஸ்டார்ட்டருக்குக் கேட்கும். ஸ்டார்ட்டரின் குரல் கோபுரத்துக்கு எட்டாது. அழைப்பு வந்தவுடன் கருவி பதில் கொடுத்தால்தான் கட்டளை இறங்கும் என்பதால், சிக்னல் கோடுகள் நிறைந்து காணப்பட்டும் மோட்டார் ஓடாது. விவசாயிகளை மிகவும் குழப்பும் கோளாறு இது. கோபுரத்தின் சக்தி பெரிது. நான்காந்தலைமுறை ஸ்டார்ட்டரின் சக்தியோ அதிகபட்சம் 0.2 வாட்டு. நலிந்த பக்கத்தில்தான் ஆன்டெனாவின் குறை முதலில் தெரியும்.

சோதிக்கும் கருவி

ஆன்டெனா தன்னிடம் வரும் சக்தியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அளந்து, கோடாக வரைந்து காட்டும் கருவிக்கு நெட்வொர்க் அனலைசர் என்று பெயர். முன்பு லட்சக்கணக்கான ரூபாய் விலையில் ஆராய்ச்சிச் சாலைகளில் மட்டும் இருந்த இக்கருவி, 2019-ஆம் ஆண்டு முதல் ‘நேனோ வி.என்.ஏ.’ என்ற பெயரில் உள்ளங்கை அளவில், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு விவசாயி இதை வாங்க வேண்டுமென்பதில்லை. ஸ்டார்ட்டர் விற்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் ஒன்று வைத்திருப்பது நல்லது. பொறியியற் கல்லூரிகளின் மின்னணுப் பிரிவுகளில் இத்தகைய கருவி சாதாரணமாக உண்டு. 900 வரை மட்டும் நம்பிக்கையாக அளக்கும் மாதிரி இவ்வேலைக்குப் போதாது. 3000 வரை அளப்பதாக இருத்தல் வேண்டும்.

அளவு தொடங்குமுன் கருவியைச் சரிசெய்துகொள்வது அவசியம். கேபிளின் முனையைத் திறந்து விட்டு ஒரு முறையும், குறுக்கே இணைத்து ஒரு முறையும், 50 ஓம் தடையை வைத்து ஒரு முறையும் அளக்கச் செய்தால், கருவி தன் கேபிளினால் வரும் பிழையைக் கழித்துக்கொள்ளும். தராசை முதலில் சமன் பார்ப்பதற்கு இது ஒப்பாகும். இதைச் செய்யாமல் எடுத்த அளவைக் கணக்கில் சேர்க்கலாகாது.

பிறகு தொடக்கம் 650, முடிவு 2750 என்று வைத்து ஓட்டினால் மேடும் பள்ளமுமான ஒரு கோடு கிடைக்கும். அதன் அளவை நிலையலை விகிதம் என்பர். விகிதம் 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.5-இல் நூற்றுக்கு 4 பங்கு திரும்பும், 2-இல் 11, 3-இல் 25, 5-இல் 44, 10-இல் 67. இரண்டுக்குள் இருந்தால் நன்று. மூன்று வரை பொறுத்துக்கொள்ளலாம். ஐந்துக்கு மேல் போன வரிசையில் அந்த ஆன்டெனாவை நம்பலாகாது. ஒரே ஓட்டத்தில் முழு வரம்பையும் பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கருவி 101 இடங்களில் மட்டும் அளக்குமாயின், 2100 மெகாஹெர்ட்ஸ் வரம்பில் இரண்டு அளவுகளுக்கு இடையே 21 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விழும். அதற்குள் ஒரு குறுகிய மேடோ பள்ளமோ ஒளிந்துகொள்ள முடியும். ஆகையால் முழு வரம்பையும் ஒரு முறை பார்த்த பின், தேவையான வரிசைகளைத் தனித்தனியே, 800 முதல் 1000 வரை, 1700 முதல் 1900 வரை என்று நெருக்கி மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நல்ல எண்ணைக் கண்டு ஏமாறுதல்

இந்த விகிதம் ஆன்டெனாவின் தகுதிக்கு முழு அத்தாட்சி அன்று. விற்பவர்கள் பெரும்பாலும் இதை மட்டுமே காட்டுவதால் இதைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியமாகிறது. சக்தி திரும்பி வரவில்லை என்றால் அது வானில் பரவிற்று என்று பொருளல்ல. வழியிலேயே வெப்பமாகி அழிந்தும் இருக்கலாம். ஆன்டெனாவை எடுத்துவிட்டு ஒரு 50 ஓம் தடையை மாட்டினால் எல்லா அதிர்வெண்களிலும் விகிதம் 1 என்றே காட்டும். ஆனால் அந்தத் தடையால் அடுத்த வயலுக்குக் கூடப் பேச முடியாது.

மெல்லிய கேபிள் செய்வதும் இதுவே. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆர்.ஜி. 58 வகைக் கேபிளில், 900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை டெசிபெல் சக்தி கரைகிறது. கொட்டகையிலிருந்து தென்னை மர உயரத்துக்கு 10 மீட்டர் இழுத்தால் 5 டெசிபெல் போய், கீழே புறப்பட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே சேரும். 1800-இல் கரைவு இன்னும் மிகுதி. ஐந்தில் ஒரு பங்கும் சேராது. இனி இந்தக் கேபிளின் மேல்முனையில் ஆன்டெனாவே இல்லாமல், முனையைத் திறந்து விட்டு, கீழே இருந்து 900-இல் அளப்பதாக வைத்துக்கொள்வோம். போகும்போது 5, திரும்பும்போது 5 ஆக 10 டெசிபெல் கரைந்து, பத்தில் ஒரு பங்கே கருவிக்குத் திரும்பும். அதற்குரிய விகிதம் 1.9. அதாவது, ஆன்டெனா இல்லாத கேபிளும் நல்ல ஆன்டெனா என்ற மதிப்பைப் பெற்றுவிடுகிறது! ஐயமுள்ளவர்கள் தாங்களே இதைச் செய்து பார்க்கலாம். மெல்லிய கேபிளை 20 மீட்டர் சேர்த்து விற்கும் ஆன்டெனாக்களின் ‘எண்’ அழகாக இருப்பதன் ரகசியம் இதில் பாதி.

ஆகையால் அளவை ஆன்டெனாவின் அடியிலேயே, கேபிள் இல்லாமல் அல்லது ஒரு சாண் கேபிளுடன் எடுக்க வேண்டும். கேபிளைத் தனியே சோதிக்க வேண்டும். 10 மீட்டர் தேவையெனில் விலை சற்றுக் கூடினாலும் எல்.எம்.ஆர். 400 போன்ற பருத்த கேபிளே தகுந்தது. அதில் 900-இல் முக்கால் பங்கு சக்தி போய்ச் சேரும். காந்த அடியுடன் விற்கும் சிறு ஆன்டெனாக்களில் உள்ள கேபிள் இன்னும் மெல்லியது; அதன் 3 மீட்டர் நீளத்திலேயே ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். இத்தகைய ஆன்டெனாவை மரச் சட்டத்திலோ சுவரிலோ ஆணியடித்து மாட்டுவது பெரும் தவறு. அடியில் இரும்புத் தகடு இருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். தகட்டை நீக்கினால் அதற்கு உகந்த அதிர்வெண்ணே நகர்ந்துவிடும். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல்தகடு இதற்குப் போதுமானது. பெட்டிக்கு உள்ளேயே ஆன்டெனாவை வைத்து மூடுவோரைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

திசையிலும் பெருக்கத்திலும் ஆன்டெனா எப்படியிருக்கிறது என்பதை முழுமையாக அறிய, நான்கு சுவர்களிலும் கூரையிலும் கரி கலந்த நுரைக் கூம்புகள் பதித்த, எதிரொலி இல்லாத அறை வேண்டும். தகுதி தெரிந்த ஓர் ஆன்டெனாவை ஒரு பக்கத்தில் நிறுத்தி, சோதிக்கப்படுவதை மறுபக்கத்தில் சுழற்றி, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அளவெடுப்பர். அது ஆராய்ச்சியாளர் வேலை. விவசாயிக்கு அவனுடைய வயலே சோதனை அறை.

வயலில் ஒப்பிடும் முறை

புதிய உரத்தைச் சோதிக்கும் விவசாயி உரமிடாத பாத்தி ஒன்றை அடுத்து விட்டுவைக்கிறான். ஆன்டெனாச் சோதனையிலும் ஸ்டார்ட்டருடன் வந்த பழைய குச்சியே ஒப்புப் பாத்தியாகும். அதே இடம், அதே உயரம், அதே கேபிள். ஆன்டெனா மட்டும் மாற வேண்டும். பழையது, புதியது, மறுபடி பழையது, மறுபடி புதியது என்று மாற்றி மாற்றி ஒவ்வொன்றிலும் ஐந்தாறு அளவுகள் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். சிக்னல் தானாகவே நிமிடத்துக்கு நிமிடம் ஏறியிறங்குவதால், காலையில் பழையதையும் மாலையில் புதியதையும் அளந்து முடிவு கட்டுவது சரியன்று. மேலும், கோபுரத்திலிருந்து நேரே வரும் அலையும், தகரக் கூரையிலும் கிணற்றுச் சுவரிலும் பட்டு வரும் அலையும் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் கழியும். 1800-இல் ஒரு கைப்பிடி தூரம், அதாவது 8 சென்டிமீட்டர் நகர்த்தினாலே அளவு வெகுவாக மாறும். ஆகவே ஒவ்வோர் ஆன்டெனாவையும் சற்று நகர்த்தி நாலைந்து இடங்களில் பார்க்க வேண்டும்.

சில ஸ்டார்ட்டர்கள் சிக்னலின் அளவை 0 முதல் 31 வரை ஓர் எண்ணாகத் தெரிவிக்கின்றன. அவ்வெண்ணை இரண்டால் பெருக்கி 113-லிருந்து கழித்தால், கழித்தல் குறியுடன் கூடிய டெசிபெல் அளவு கிடைக்கும். எண் 10 என்றால் −93. 20 என்றால் −73. 99 என்று வந்தால் கருவிக்கு எதுவும் தெரியவில்லை என்று பொருள். ஒப்பிடும்போது 3 டெசிபெல் கூடினால் சக்தி இரட்டித்தது என்றும், 10 கூடினால் பத்து மடங்கானது என்றும் கொள்ள வேண்டும். ஓரிரண்டு டெசிபெல் வித்தியாசத்துக்காகப் பணம் செலவழிப்பது வீண்.

இந்தச் சோதனையை நிறுவனம் சேவை தரும் எல்லா வரிசைகளிலும் செய்தல் வேண்டும். கோபுரத்தில் ஒரு வரிசை நெரிசலாகும்போதோ பழுதாகும்போதோ கருவி தானாக மற்றொன்றுக்குத் தாவிவிடும். ‘ஒரு நாள் எடுக்கிறது, மறுநாள் எடுப்பதில்லை’ என்ற குறைக்கு இதுவும் ஒரு முக்கிய காரணமாகும்.

எதை வாங்குவது

1926-ஆம் ஆண்டில் ஜப்பானில் தோஹோகு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடா, யாகி என்போர் வெளிப்படுத்திய யாகி ஆன்டெனா ஒரு திசையில், ஒரு குறுகிய வரிசையில் மிகுந்த பலன் தரும். கோபுரம் தொலைவில் இருந்து, அதில் ஒரே வரிசை மட்டும் எட்டுமாயின் இதற்கு ஈடில்லை. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட லாக் பீரியாடிக் வகையில், குழாய்கள் ஒன்றைவிட ஒன்று ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போகும். எந்த அதிர்வெண் வந்தாலும் அதற்கு ஏற்ற நீளமுள்ள இரண்டு மூன்று குழாய்கள் முன்வந்து வேலை செய்ய, மற்றவை ஒதுங்கி நிற்கும். இதனால் 700 முதல் 2700 வரை ஒரே ஆன்டெனாவால் ஆளமுடிகிறது. ஆனால் அதே நீளமுள்ள யாகியைவிடப் பலன் குறைவு. வானத்தை ஆராயும் பெரிய ஆன்டெனாக்களிலும் இவ்விரு வழிகள் உண்டு. உதகைக்கு அருகில் முத்தொரையில் 1970-இல் அமைக்கப்பட்ட 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே இடத்தை நம்பிக் கட்டப்பட்டது. பூனாவுக்கு வடக்கே வயல்களின் நடுவில் நிற்கும் 30 பெரும் கிண்ணங்களோ 1450 மெகாஹெர்ட்ஸ் வரை பரந்த வரம்பில் கேட்கும்படி பின்னர் சீர்திருத்தப்பட்டவை.

சாதாரணமாகப் பம்பு செட்டுக்கு அகன்ற வரம்புள்ள லாக் பீரியாடிக் வகையே மேல். செல்போன் நிறுவனங்கள் ஒரு தலைமுறையை விலக்கி, அதன் வரிசையை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. மூன்றாந்தலைமுறை அவ்வாறே பல ஊர்களில் மறைந்தது. இன்று யாகிக்குப் பொருந்தும் வரிசை நாளை அந்தக் கோபுரத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. திசை உள்ள ஆன்டெனாவைக் கோபுரத்தை நோக்கித் திருப்பிப் பொருத்திய பின், காற்றில் சுழலாதபடி இறுக்கிவிட வேண்டும். மின்கம்பிகளுக்கு அருகில் இரும்புக் கம்பம் நிமிர்த்துவது உயிருக்கு ஆபத்து. கம்பம் சாய்ந்தால் எட்டக்கூடிய தூரத்துக்குள் எந்த மின்கம்பியும் இருக்கலாகாது. கம்பத்துக்கு நல்ல எர்த் கொடுப்பதும், கேபிள் இணைப்புகளில் மழைநீர் புகாதபடி ரப்பர் நாடா சுற்றுவதும் அவசியம். ஈரம் புகுந்த இணைப்பும் மேலே கூறிய மெல்லிய கேபிளைப் போலவே நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. ‘சிக்னல் பூஸ்டர்’ என்ற பெயரில் மின்சாரம் கொடுத்து இயக்கும் கருவிகளைச் சிலர் கொட்டகைகளிலும் வீடுகளிலும் வைக்கிறார்கள். அரசாங்க அனுமதியின்றி அவற்றை வைப்பது சட்ட விரோதம். அன்றியும் அவை கோபுரத்துக்கு இரைச்சலை அனுப்பி, அக்கம்பக்கத்து ஸ்டார்ட்டர்களும் செல்போன்களும் பேச முடியாதபடி செய்துவிடும். மின்சாரமின்றி நிற்கும் ஆன்டெனாவையும் கேபிளையும் பற்றி அந்தத் தடையில்லை. ஊரில் பல ஸ்டார்ட்டர்கள் ஒரே சமயத்தில் கெட்டுப்போனதாகப் புகார் வந்தால், அண்மையில் எங்கேனும் பூஸ்டர் வைக்கப்பட்டதா என்று விசாரிப்பது பயன் தரும்.

கடைசியாக, சோதனையை எந்த மாதத்தில் செய்வது என்ற விஷயம். கோடையில் அறுவடை முடிந்த வெறும் வயலில் அளந்து திருப்தியடைந்தவர்கள், கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தபின் ஸ்டார்ட்டர் எடுப்பதில்லை என்று வருந்துவதுண்டு. நீர் நிறைந்த இலைகள் அலையை உறிஞ்சும். அதிர்வெண் உயர உயர அது மிகும். 900-இல் பாதிப்பில்லாத வயலில் 2300 மிகவும் தேய்ந்து போகலாம். வாழைத் தோட்டத்திலும் இப்படியே. மழை பெய்து இலைகள் நனைந்திருக்கும்போது இன்னும் அதிகம். எனவே ஆன்டெனாவைப் பயிரின் முழு உயரத்துக்கு மேல் நிற்கும்படி கட்டி, வெறும் வயலில் ஒரு முறையும், பயிர் முற்றிய காலத்தில் மழைக்கு மறுநாள் ஒரு முறையும் எல்லா வரிசைகளிலும் அளவெடுத்து, தேதியுடன் மோட்டார் கொட்டகைச் சுவரிலேயே எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு கோளாறு வந்தால், பழுது பார்க்க வருபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சுவரைத்தான்.